உளச்சோர்வு மருந்தும் மறுபத்தியமும்

மருந்து உண்ணத் தொடங்குதற்கு ஒரு முறை உண்டு என்பதை யாவரும் அறிவர். அதனை விடுதற்கும் ஒரு முறை உண்டு என்பதை அறிந்தார் சிலரே. யாழ்ப்பாணத்துப் பழைய பரிகாரிமார் இவ்வுண்மையை நன்கு உணர்ந்திருந்தனர். பத்தியம் காத்து மருந்துண்டவன், மருந்து முடிந்த அன்றே தன் விருப்பம்போல் உண்ணவும் உழைக்கவும் அவர் விட்டாரல்லர். மருந்துண்ட நாள்களின் அளவாகப் பின்னும் சில நாள் உணவையும் ஒழுக்கத்தையும் அடக்கி வாழுமாறு விதித்தனர். அதற்கு மறுபத்தியம் என்று பெயர். அவர் கொடுத்த மருந்து வேறு. மேனாட்டு மருத்துவம் இன்று உளச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்து வேறு. ஒன்றன் பத்தியம் மற்றொன்றற்கு ஆகாது. எனினும், மருந்தை நிறுத்துதல் சிகிச்சைக்குப் புறம்பானதன்று, அதன் ஓர் உறுப்பே என்னும் கொள்கை இரண்டற்கும் பொதுவானது. மேனாட்டு மருத்துவ உலகம் உளச்சோர்வு மருந்துகளைப் பொறுத்தவரையில் இதனைத் தெளிவாக ஏற்றுக்கொள்வதற்கு ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சென்றன.

உளச்சோர்வு என்பது ஒரு நாள் துக்கமன்று. இழவு வீட்டுத் துயரம் நாளடைவில் தணியும். உளச்சோர்வோ, காரணம் நீங்கிய பின்னும் நீங்காது, உறக்கத்தையும் பசியையும் ஊக்கத்தையும் ஒருங்கே கவர்ந்து, வாரக்கணக்கில் மனத்தை அழுத்தி நிற்கும். போரும் இடப்பெயர்வும் தமிழ் மக்கள் உள்ளத்தில் விளைத்த புண்களை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம் 1998இல் வெளியான தம் நூலில் விரித்துக் காட்டினார். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளமருத்துவப் பிரிவுகள் இயங்குகின்றன. ஆதலின், உளச்சோர்வுற்றவர் குளிசை தொடங்குதல் முன்போல் அரிதன்று. தொடங்கியதை எவ்வாறு விடுவது என்பதே பலர்க்குத் தெளிவாகாத வினாவாகும்.

இம்மருந்துகளின் வரலாறு நீண்டதன்று. 1952இல் அமெரிக்காவிலே கசநோயாளர்க்கு இப்ரோனியசிட் என்னும் மருந்து கொடுக்கப்பட்டபோது, அவர்தம் மனம் எதிர்பாரா வகையில் மலர்ச்சியுற்றமை காணப்பட்டது. சுவிற்சலாந்தின் மூன்ஸ்ரலிங்கன் மனநோய் வைத்தியசாலையிற் பணியாற்றிய ரோலண்ட் கூன், இமிப்பிரமின் என்னும் மருந்து உளச்சோர்வைத் தணிப்பதை 1957இல் வெளியிட்டார். இரண்டே ஆண்டுகளில், 1959இல், அம்மருந்தைத் திடீரென விட்டோர்க்கு உண்டாகும் துன்பங்கள் மருத்துவ இதழ்களில் இடம்பெற்றன. 1987இன் இறுதியில் புளுவொக்செற்றின் அமெரிக்க அரசின் இசைவு பெற்றது. அதனையொத்த செர்ட்ரலின், பரொக்செற்றின், சிற்றலோபிராம் முதலியனவும் பின்னர் உலகெங்கும் பரவின. இவற்றை விடுங்காலும் இடர் தோன்றும் என்பது அறியப்பட்டதாயினும், அது சிறியது, ஒரு வாரத்தில் தானே தணியும் என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பிரித்தானியாவின் அரசு சார்ந்த மருத்துவ வழிகாட்டி 2019இல் அவ்வாசகத்தைத் திருத்தி, சிலர்க்கு அவ்விடர் கடுமையாகவும் நெடுநாள் நீடிப்பதாகவும் அமையலாம் என ஏற்றுக்கொண்டது.

அவ்விடர்கள் யாவை? தலைச்சுற்று, நடையில் தள்ளாட்டம், குமட்டல், தடிமன் காய்ச்சல் கண்டாற் போன்ற உடல்நோவு, வியர்வை, உறக்கமின்மை, அச்சந்தரும் கனவு, காரணமற்ற அழுகை, எரிச்சல், பதற்றம் என்பன பெரும்பாலும் தோன்றுவன. கண்ணை ஒருபுறம் திருப்புங்கால் தலைக்குள் மின்னல் பாய்ந்தாற் போன்றதோர் அதிர்வு இவற்றுள் தனித்தன்மை உடையது. அதனை முன்பு அறியாதவர் தமக்குப் பெருநோய் வந்ததென்றே அஞ்சுவர். உடலிலிருந்து விரைவில் நீங்கும் பரொக்செற்றின், வென்லாபக்சின் முதலியவற்றை விடும்போது இவை ஓரிரு நாளிலேயே தோன்றலாம். புளுவொக்செற்றின் வாரக்கணக்கில் உடலில் தங்கி மெல்ல நீங்குவதாதலின், அதனை விடுங்கால் இவை பிந்தியும் மென்மையாகவும் வருதல் பெரும்பான்மை.

ஜேர்மனிய ஆய்வாளர் முன்னைய 79 ஆய்வுகளைத் தொகுத்து 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, மருந்தை நிறுத்தியோருள் ஏறக்குறைய 31 விழுக்காட்டினர் ஏதேனும் ஓர் அறிகுறியைக் கண்டனர். மருந்தற்ற போலிக் குளிசையை நிறுத்தியோருள்ளும் 17 விழுக்காட்டினர் அவ்வாறே கூறினர். இரண்டையும் ஒப்பிட்டு நோக்கின், மருந்தை விட்டதனாலேயே இடருற்றவர் ஆறு ஏழு பேருக்கு ஒருவர் என்பது பெறப்படும். கடுமையாக இடருற்றவர் ஏறக்குறைய 35 பேருக்கு ஒருவர். பெரும்பாலோர் பெருந்துன்பமின்றியே மருந்தை விடுகின்றனர் என்பது ஆறுதல் தருவது. அச்சிறு தொகையினருள் ஒருவராக அமைந்தவர்க்கோ, அவ்வாறுதல் மட்டும் போதாது.

இதற்குக் காரணம் யாது? மூளையின் நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் பொருள்களுள் செரடோனின் ஒன்று. இம்மருந்துகளுட் பல, அதனை மீள உறிஞ்சும் வாயில்களை அடைத்து, அது நரம்பணுக்களிடையே கூடுதலாக நிற்கச் செய்வன. மாதக்கணக்கில் இந்நிலை நீடிக்க, மூளையும் அதற்கிசையத் தன்னை மாற்றி அமைத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறுகளில் முற்காலத்தில் துலா மிதித்தவரை இங்கு நினைத்துப் பார்க்கலாம். மேலே நடப்பவனும் கீழே பட்டை பிடிப்பவனும் ஒருவர்க்கொருவர் இசைந்து தொழில் செய்வர். மிதிப்பவன் சொல்லாமற் குதித்து இறங்கினால் துலா துள்ளும்; கீழே நிற்பவன் தடுமாறுவான். துலாவில் பழுதில்லை, கீழே நிற்பவனும் வலியிலன் அல்லன், இறங்கிய முறையே பிழை. மருந்தைச் சடுதியாக விட்டபோது மூளை உறும் தடுமாற்றமும் இத்தகையதே. இதனைக் கள், அபின் முதலியவற்றின் அடிமைத்தனத்தோடு ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. அவற்றை விட்டவன் அவற்றின்மேல் வேட்கை கொள்வான்; மேன்மேலும் அளவைக் கூட்டுவான். உளச்சோர்வு மருந்தை விட்டவர்க்கு அவ்வேட்கை இல்லை. உடல் பழகியது என்பதன்றி, ஒழுக்கம் கெட்டது என்று கொள்வதற்கு இடமில்லை.

இங்குதான் பெரும்பிழை நேர்கின்றது. மருந்தை விட்ட சில நாளில் உறக்கங்கெட்டு, மனம் பதறக் கண்டவர், பழைய நோய் திரும்பியதென முடிவு செய்கின்றார். அம்முடிவால், தேவையில்லாத மருந்தை வாழ்நாள் முழுதும் உண்பாரும் உளர். தமக்கு உய்வே இல்லையென நம்பிக்கை இழப்பாரும் உளர். இரண்டையும் வேறுபடுத்தி அறிதற்குச் சில குறிகள் உள்ளன. விடுதலால் வரும் இடர், அளவு குறைந்த சில நாளிலே தோன்றும். நோய் மீளுதல் வாரங்களோ மாதங்களோ கடந்து மெல்ல வரும். தலைச்சுற்று, மின்னதிர்வு முதலிய புதிய உடற்குறிகள் முன்னைய நோயில் இருந்தனவல்ல. மருந்தை மீண்டும் உட்கொண்டால் விடுதலிடர் பெரும்பாலும் சில நாளில் அகலும். மீண்ட நோய் தணிய வாரங்கள் செல்லும். இனி, நோய் உண்மையாகவே மீள்வதும் உண்டு என்பதை மறத்தலாகாது. நெடுநாள் மருந்துண்டு நலமுற்றிருந்தவரை ஓராண்டு நோக்கிய பிரித்தானிய ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. மருந்தைத் தொடர்ந்தோருள் 39 விழுக்காட்டினர்க்கும், விட்டோருள் 56 விழுக்காட்டினர்க்கும் நோய் மீண்டமை அதில் காணப்பட்டது. ஆதலின் இரண்டனுள் எது வந்தது என்பதை நோயாளர் தாமே துணியாது, வைத்தியரோடு கூடித் துணிதல் வேண்டும்.

மெல்ல விடுதல் என்றால் எவ்வாறு? கோயில் அன்னதானப் பந்தியில் 100 இலை போடப்பட்டிருக்க, வாயிலில் பெருங்கூட்டம் நிற்பதாகக் கொள்வோம். கூட்டத்திற் பாதி திரும்பிச் சென்றாலும் பந்தி ஏறக்குறைய நிறைந்தே இருக்கும். கூட்டம் சுருங்கிய பின்னரோ, ஒவ்வொருவர் செல்லுந்தோறும் ஓர் இலை வெறுமையாகும். மருந்தின் செயலும் இவ்வாறே என்பதை மார்க் ஹொரொவிற்ஸ், டேவிட் ரெயிலர் என்பார் 2019இல் விளக்கினர். சிற்றலோபிராம் 20 மில்லிகிராம் உண்பவர்க்கு முற்கூறிய வாயில்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு அடைபடும். அளவை 9 மில்லிகிராமாகக் குறைத்த பின்னும் 70 விழுக்காடு அடைபட்டே இருக்கும். 2.3 மில்லிகிராமிலும் ஏறக்குறைய 40 விழுக்காடு எஞ்சும். எனவே முதற் பாதியைக் குறைத்தல் எளிது. இறுதித் துண்டை விடுதலே அரிது. பாதிக் குளிசைவரை துன்பமின்றி வந்தவர், இனி என்ன என்று மீதியை ஒருநாளில் எறிந்துவிட்டு இடருறுதல் இதனாலேயே. அளவு குறையக் குறைய, குறைக்கும் பங்கும் சிறிதாதல் வேண்டும்.

குடாநாட்டில் மருந்து சடுதியாக நின்றமைக்கு மக்கள் விருப்பம் மட்டும் காரணமன்று. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டவற்றோடு தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது, நாள்தோறும் மருந்துண்போர்க்கு அதனைத் தொடர்வது எளிதாயிருந்திராது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் இலங்கை முழுவதிலும் மருந்துத் தட்டுப்பாடு நேர்ந்தது. இவை ஒருவர் ஆற்றலால் தடுக்கப்படுவன அல்ல. தடுக்கத்தக்கனவும் உள. சம்பந்தம் பேசி வரும் வீட்டார் அறிந்துவிடுவர் என்று குளிசையை ஒளிப்பதும், நேர்த்தி வைத்தாயிற்று, இனி மருந்தெதற்கு என்று பெரியோர் தடுப்பதும், சுகம் வந்துவிட்டது என்று தாமே விடுவதும் அத்தகையன. இவற்றுள் யாதாயினும், இரகசியமாக விட்டவர் துன்பம் வரும்போதும் இரகசியமாகவே துன்புறுகின்றார்.

ஆதலின், மருந்தை விட எண்ணுவோர் முதற்கண் அவ்வெண்ணத்தை வைத்தியரிடம் வெளியிடுக. சோதனைக் காலம், கலியாண வேளை, மரணம் நேர்ந்த காலம் என்பன விடுதற்கு ஏற்றனவல்ல. அளவைப் படிப்படியாகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு முதல் நான்கு வாரம் நின்று நோக்குதல் நன்று. நெடுநாள் உண்டவர்க்கு இன்னும் மெதுவான நடை வேண்டப்படலாம். விரதம்போல ஒருநாள் விட்டு ஒருநாள் உண்பது, விரைவில் நீங்கும் மருந்துகளில் இடரைக் கூட்டுமேயன்றிக் குறைக்காது. உறையிட்ட மருந்துகள் சிலவற்றைப் பிரித்தலோ பொடித்தலோ ஆகாதாதலின், மருந்தாளரைக் கேட்டே செய்தல் வேண்டும். அளவு, உறக்கம், உற்ற குறி ஆகியவற்றை ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதி வைத்தல் வைத்தியர்க்குப் பெருந்துணையாகும். இடர் மிகுந்தால் முன்னைய படிக்கு மீளுதல் தோல்வியன்று. அங்கு நிலைபெற்று, பின்னர் சிறுபடியாக இறங்கலாம். தலைச்சுற்று உள்ள நாள்களில் மோட்டார் சைக்கிள் ஓட்டுதலும் கிணற்றுக்கட்டில் நிற்றலும் தவிர்க்கப்பட வேண்டும். மதுவால் உறக்கம் தேடுதல் கேடு. உயிரை வெறுக்கும் எண்ணம் தோன்றுமாயின், அது விடுதலிடரோ நோயோ என ஆராய்ந்திராது, உடனே வைத்தியசாலையை நாடுதல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி எண்ணும் அதற்கென உள்ளது.

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது. நோயுற்றவன், வைத்தியன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து பேணுபவனையும் அது ஒரு கூறாக எண்ணுகின்றது. மருந்தை விடுங்காலத்தில் அந்நான்காங் கூறே முதன்மை பெறுகின்றது. அழுதால் ஏனென்று அதட்டாமலும், சினந்தால் திருப்பிச் சினவாமலும், இது இறங்கும் படி, இன்னும் சில உண்டு என்று உடனிருந்து கூறும் ஒருவர் வீட்டில் இருப்பாராயின், இடரிற் பாதி குறையும். மறுபத்தியம் காத்த வீடுகளில், நோயாளிக்கு வேறாகச் சோறாக்கித் தந்த கை ஒன்று இருந்தது. இன்று மாறியது மருந்தே. அந்தக் கையின் தேவை மாறவில்லை.