கலைப் பாடங்களால் ஆவது என்ன?

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஆண்டுதோறும் கோடைக் காலத்தில் ஒரு வழக்கு எழுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மகளோ மகனோ, வரலாறு அல்லது சமூகவியல் படிக்க விரும்புவதாகத் தயங்கித் தயங்கிச் சொல்லுவர். தாயார் தந்தையாரின் முகத்தைப் பார்ப்பார். தந்தையார், "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்பார். இவ்வழக்கில் ஒரு காலத்தில் நாமும் பிரதிவாதியாக நின்றதுண்டு. இன்று நம்மை ஒத்த வயதினர் கேள்வி கேட்கும் இடத்தில் நிற்கின்றனர்.

தந்தையாரின் கேள்வியை எளிதாக எண்ணிவிடுதல் ஆகாது. சொந்த ஊரில் நிலமும் உறவும் உடையவர்க்கு ஒரு தவறு நேர்ந்தாலும் தாங்கிக் கொள்ள ஆள் உண்டு. வேற்று மொழி வழங்கும் நகரில், வாடகை வீட்டில் வாழ்பவர்க்கோ மக்கள் பெறும் பட்டமே காணி. ஆகவே அக்கேள்விக்கு நேரான விடை கூற வேண்டியது கடமையாகின்றது.

கலைப் பாடங்கள் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் வரலாறு, மெய்யியல், மொழியும் இலக்கியமும் ஆகியவை ஒரு பிரிவு. பொருளாதாரம், அரசியல், சமூகவியல், மானிடவியல் முதலிய சமூக அறிவியல்கள் மற்றொரு பிரிவு. மன்னர் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் நெட்டுருச் செய்து தேர்வுத் தாளில் கொட்டுவதே இப்படிப்பு என்பது பலரது எண்ணம். பள்ளிகளில் இவை பெரிதும் அவ்வாறே கற்பிக்கப்படுவதால் அவ்வெண்ணம் வியப்புக்குரியதன்று. ஆயினும் பல்கலைக் கழகத்தில், நன்கு கற்பிக்கப்படும் இடத்தில், மாணவன் விடையைக் கற்பதைக் காட்டிலும் அவ்விடை எவ்வாறு கிடைத்தது என்பதையே கற்கின்றான். இதற்கு நம் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம்.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போரைத் திகைக்க வைக்கும் சொற்கள் பெரும்பாலும் எளிய சொற்களே. 'குடும்பம்' என்பது அவற்றுள் ஒன்று. மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் எண்ணப்படுவது இரத்த உறவினால் அமைந்த குடும்பமன்று. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலறையில் ஆக்கிய உணவை உண்போர் எவரோ அவர்களே அங்கு ஒரு குடும்பம். உறவல்லாதாரும் அதனுள் அடங்குவர். இதன் விளைவைப் பாருங்கள். தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பெற்றோர் இருக்கின்றனர். மகன் பல ஆண்டுகளாக மும்பையில் வேலை பார்த்து, மாதந்தோறும் பணம் அனுப்புகின்றான். ஊரார் கண்ணில் அவனே வீட்டைத் தாங்குபவன். கணக்கெடுப்பிலோ அவன் அவ்வீட்டில் இல்லை. மாதுங்காவில் ஓர் அறையில் உடன் சமைத்து உண்ணும் மூன்று நண்பர்களோடு அவன் வேறொரு குடும்பமாக எண்ணப்படுவான்.

இதில் எவரும் பிழை செய்துவிடவில்லை. ஒருவரை இருமுறை எண்ணாதிருக்க இத்தகைய வரையறை வேண்டியதே. ஆனால் வரையறையை அறியாது தொகையை மட்டும் எடுத்து ஆள்பவர், அவ்வூரின் நிலத்தையும் கூலியையும் கணக்கிட்டுவிட்டு, அவ்வீட்டின் அடுப்பு எதனால் எரிகின்றது என்பதை அறியாமற் போவார். யாரை எண்ணினார்கள், எச்சொல்லுக்கு என்ன பொருள் கொண்டார்கள், விடுபட்டவர் யார் என்று கேட்கும் பழக்கமே சமூக அறிவியலின் அரிச்சுவடி. நாம் அதனைக் கற்றது பி. ஏ. வகுப்பில்.

இப்பழக்கத்திற்கு நல்லதொரு முன்மாதிரி சென்னையில் உண்டு. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக் கழகங்கள் மூன்றும் 1857-ஆம் ஆண்டில் தோன்றின. தொடக்கத்தில் அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளாகவே இருந்தன. பிற்காலத்தில் சென்னையில் இந்தியப் பொருளாதாரத்திற்கு முதற் பேராசிரியராக அமர்ந்த கில்பர்ட் ஸ்லேட்டர், நூலறிவு மட்டும் போதாதென்று கருதி, 1916-இல் தம் மாணவர்களைச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். நிலம் யாரிடம் உள்ளது, பயிர் என்ன, கூலி என்ன, கடன் எவ்வளவு என்று அவர்கள் விசாரித்து எழுதினர். அக்குறிப்புகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. அவ்வூர்களுள் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. அதே ஊரைப் பின்வந்த ஆய்வாளர்கள் 1930-களிலும், 1961, 1981, 2008 ஆகிய ஆண்டுகளிலும் மீண்டும் சென்று ஆராய்ந்தனர். ஒரு தமிழ்ச் சிற்றூரில் நிலவுடைமையும் உழைப்பும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் எவ்வாறு மாறின என்பதை இன்று நாம் சான்றோடு பேச முடிகின்றதென்றால், அதற்கு அன்றைய மாணவர்தம் குறிப்பேடுகளே அடிப்படை.

மாணவரைப் போலவே ஆசிரியரும் ஊர் தேடிச் சென்றனர். கல்கத்தாவில் பயின்று தில்லிப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராக இருந்த ஆந்த்ரே பெத்தேய், தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கி ஆராய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று பெயரிட்டு, 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். சாதி, வர்க்கம், அதிகாரம் என்னும் மூன்றும் முன்பு பெரும்பாலும் ஒருவர் கையிலேயே இருந்தன என்றும், காலப்போக்கில் அவை ஒன்றைவிட்டு ஒன்று விலகலாயின என்றும் அந்நூல் காட்டிற்று. உயர்ந்த சாதியாரிடமே நிலம் இருக்கும், நிலமுடையாரிடமே அதிகாரம் இருக்கும் என்று ஒரே மூச்சில் பேசிவந்ததை மூன்றாகப் பிரித்துக் காண ஒரு கருவி கிடைத்தது. பிரித்துக் காணாதவரை மாற்றம் எங்கே நிகழ்கின்றது என்பதே தெரியாதன்றோ?

அயல் மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இத்துறையில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. தாயின் உடன்பிறந்தாரையும் மாமா என்கின்றோம். அத்தையின் கணவரையும் மாமா என்கின்றோம். மனைவியின் தந்தையாரும் மாமாவே. இந்தியிலோ இம்மூவர்க்கும் மூன்று தனிச் சொற்கள். அத்தை மகனை மணப்பது நம்மிடையே நெடுநாளைய வழக்கம் என்று தில்லிப் பள்ளியில் ஒரு சிறுமி சொன்னால், உடன் பயிலும் தோழியர் திடுக்கிடுவர். அவள் நாணித் தலைகுனிவாள். அந்நாணத்தைக் கேள்வியாக மாற்றுவது கல்வி. மாமன் மகளும் அத்தை மகனும் மணவுறவுக்கு உரியவராகும் இடத்தில் அவர்தம் பெற்றோரை மாமா என்று அழைப்பது முற்றிலும் பொருந்துகின்றது. புனேயில் பணியாற்றிய இராவதி கார்வே, இந்நாட்டு உறவுமுறைகளை வட்டாரம் வட்டாரமாக ஒப்பிட்டு 1953-இல் வெளியிட்ட நூல் இத்தகைய கேள்விகளைக் கொண்டே எழுந்தது. இரு வழக்கங்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, அக்கேள்வியைத் தன் வீட்டுத் திண்ணையிலேயே பெற்றுவிடுகின்றது.

இனிப் பிழைப்பைப் பற்றிய பேச்சு. மத்திய அரசின் குடிமைப் பணித் தேர்வில் வரலாறும் அரசியலமைப்பும் பொருளாதாரமும் எல்லார்க்கும் உரிய பொதுப் பாடங்கள். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 1961-இல் அமைந்த இந்தியப் பொருளாதாரப் பணிக்கு அத்துறையின் முதுநிலைப் பட்டமே தகுதி. ஆசிரியப் பணி, சட்டம், இதழியல், சமூகப் பணி ஆகியவற்றிற்கும் இவ்வழியே செல்லலாம். மும்பையிலுள்ளோர்க்கு 1936-இல் தோன்றிய டாட்டா சமூக அறிவியல் கழகமும், தில்லியிலுள்ளோர்க்குக் காஞ்சிபுரத்திற் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ் 1949-இல் நிறுவிய தில்லிப் பொருளாதாரப் பள்ளியும் அருகிலேயே உள்ளன. மத்தியப் பல்கலைக் கழகங்களில் இளநிலை வகுப்பிற் சேர 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடைபெறுகின்றது. அதனைத் தமிழ் உட்படப் பதின்மூன்று மொழிகளில் எழுதலாம்.

மறைக்காமல் சொல்ல வேண்டியதும் உண்டு. பொறியியலில் இடம் கிடைக்காததால் கலைப் பாடத்தில் ஒதுங்குவோர்க்கு இப்படிப்பு அதிகம் தருவதில்லை. பட்டம் மட்டும் பெற்று, நூலகத்தின் வாயிலை மிதியாதவரை வேலை தேடி வராது. பொருளாதாரம் பயில விரும்புவோர் கணிதத்தைக் கைவிடலாகாது. பல இடங்களில் பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் பயின்றிருந்தாலன்றிச் சேர இயலாது. ஏனைய சமூக அறிவியல் பயில்வோரும் புள்ளியியலுக்கு அஞ்சுதல் கூடாது. தாம் வாழும் மாநிலத்தின் மொழியை எழுதப் படிக்கக் கற்றுக் கொள்வதும், தமிழை மறவாதிருப்பதும் கூடுதல் வலிமை தரும்.

ஆகவே பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வியைச் சற்றே மாற்றிக் கேட்கலாம். "அதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்பதற்கு முன்பு, "அதில் நீ அறிய விரும்புவது எது?" என்று கேளுங்கள். பிள்ளையிடம் விடை இல்லையெனில் இன்னும் சிந்திக்கச் சொல்லலாம். விடை உண்டெனில் அமர்ந்து கேளுங்கள். ஊரில் முதியோர் இருவரைத் தனிக் குடும்பமாக எழுதிச் சென்ற ஏட்டில், அவர்களுக்குப் பணம் அனுப்பும் மகன் எங்கே என்று கேட்கப் போவது அப்பிள்ளையாக இருக்கலாம். அந்த மகன் நம்முள் ஒருவனன்றோ?