'எங்கே?' என்று கேட்கும் வரைபடம்!

நள்ளிரவு நேரம். உங்கள் தெருவில் ஒரு வீட்டில் தீப்பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஓடிப்போய் போனை எடுக்கிறீர்கள். "தீப்பிடிச்சிருச்சு, சீக்கிரம் வாங்க!" என்று பதற்றத்தில் கத்திவிட்டு வைத்துவிடுகிறீர்கள்.

தீயணைப்பு வண்டி தயாராகத்தான் இருக்கிறது. டிரைவரும் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆனால், எந்தத் தெருவுக்குப் போவது? 'என்ன' நடந்தது என்று சொன்னீர்கள். 'எங்கே' என்று சொல்ல மறந்துவிட்டீர்களே!

ஆபத்து நேரத்தில் உயிர்களைக் காப்பாற்றும் முதல் சொல் இந்த 'எங்கே'தான். ஒரு வீட்டுக்கே இந்தக் கதி என்றால், ஒரு நகரமே ஒரே நேரத்தில் உதவி கேட்டால் என்ன ஆகும்? அப்படி ஒரு நாள் உண்மையிலேயே வந்தது.

நகரமே இடிந்த மாலை

கரீபியன் கடலில் ஹைட்டி என்ற சிறிய நாடு இருக்கிறது. 2010ம் ஆண்டு ஜனவரி 12ம் தேதி, மாலை ஐந்து மணி ஆகச் சில நிமிடங்களே இருந்தன. திடீரென்று பூமி குலுங்கியது! 7 என்ற அளவில் பதிவான பயங்கர நிலநடுக்கம். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸில் வீடுகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எல்லாம் சரிந்து விழுந்தன. ஜனாதிபதி மாளிகைகூட இடிந்து நொறுங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் இறந்துபோனார்கள்.

பல நாடுகளில் இருந்து மீட்புப் படையினர் விமானத்தில் வந்து இறங்கினார்கள். அவர்களுக்கு அந்த ஊர் புதிது. மக்கள் பேசும் கிரெயோல் மொழியும் தெரியாது. தெருக்களைக் காட்டும் நல்ல வரைபடமும் இல்லை. இன்டர்நெட்டில் கிடைத்த வரைபடத்தில் முக்கியச் சாலைகள் சில இருந்தன. மற்ற இடமெல்லாம் வெறும் வெள்ளை!

இடிபாடுகளுக்கு அடியில் மனிதர்கள் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் எங்கே?

4636 என்ற எண்

நல்லவேளையாக, செல்போன் கோபுரங்கள் சில நாட்களில் மறுபடி வேலை செய்யத் தொடங்கின. உடனே 4636 என்ற எண்ணை அறிவித்தார்கள். உதவி தேவைப்படுபவர்கள் அந்த எண்ணுக்கு இலவசமாக எஸ்.எம்.எஸ். அனுப்பலாம். இந்தச் செய்தியை ஹைட்டியின் வானொலிகள் ஊரெல்லாம் பரப்பின.

செய்திகள் வந்து குவிந்தன. 'இங்கே ஆட்கள் சிக்கியிருக்கிறார்கள்', 'குடிக்கத் தண்ணீர் இல்லை', 'காயம்பட்டவர்களுக்கு மருந்து வேண்டும்' என்று விதவிதமான வேண்டுகோள்கள். எல்லாம் கிரெயோல் மொழியில்!

இதைப் படித்தது யார் தெரியுமா? அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் வாழும் ஹைட்டி நாட்டு மக்கள்தான். வீட்டில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு செய்தியையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். அவர்களால் இன்னொரு பெரிய உதவியும் கிடைத்தது. செய்திகளில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. 'சர்ச்சுக்குப் பக்கத்துத் தெரு', 'பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்' என்றுதான் இருக்கும். எந்த சர்ச், எந்தப் பள்ளிக்கூடம் என்பது அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தானே தெரியும்!

புள்ளி வைத்த மாணவர்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு அருகில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே பேட்ரிக் மெய்யர் என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய நண்பர்களும் இந்தச் செய்திகளை வரைபடத்தில் குறிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் பயன்படுத்திய மென்பொருளின் பெயர் 'உஷாஹிடி'. இது ஆப்பிரிக்காவின் கென்யா நாட்டில் 2008ல் பிறந்தது. ஸ்வாஹிலி மொழியில் உஷாஹிடி என்றால் 'சாட்சியம்' என்று பொருள்.

வேலை சுலபமில்லை. இடத்தின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அதன் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறிக்க வேண்டும். பிறகு வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். ஒரே சம்பவத்தைப் பற்றி இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். இப்படி 3000க்கும் மேற்பட்ட தகவல்கள் அந்த வரைபடத்தில் ஏறின. அமெரிக்கக் கடலோரக் காவல் படையினரும் கடற்படை வீரர்களும் இதைப் பார்த்து உதவிக்குச் சென்றார்கள்.

அதே நேரத்தில், 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்ற திட்டத்தின் தொண்டர்கள் வெள்ளையாகக் கிடந்த வரைபடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். செயற்கைக்கோள் எடுத்த படங்களைப் பார்த்து, தெருத்தெருவாகக் கோடு இழுத்தார்கள். பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து சில வாரங்களில் ஒரு நகரத்தையே வரைந்துவிட்டார்கள்! மீட்புப் படையினர் அந்த வரைபடத்தைக் கையடக்க ஜி.பி.எஸ். கருவிகளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்கள்.

ஆனாலும் ஒரு வருத்தமான விஷயம். இடத்தின் பெயரே இல்லாத செய்திகளும் பல வந்தன. 'காப்பாற்றுங்கள்' என்று இருக்கும். எங்கே என்று இருக்காது. அவற்றுக்கு எங்கே புள்ளி வைப்பது? உதவ ஆள் இருந்தும் வழி தெரியவில்லை.

அடுக்கு அடுக்காக...

இப்படி இடத்தோடு தகவலைச் சேர்த்துக் காட்டும் கம்ப்யூட்டர் முறைக்குப் 'புவியியல் தகவல் முறை' என்று பெயர். சுருக்கமாக ஜி.ஐ.எஸ். என்பார்கள். 1960களில் கனடா நாட்டின் காடுகளையும் வயல்களையும் கணக்கெடுக்க, ரோஜர் டாம்லின்சன் என்பவர் இதை உருவாக்கினார். ஜி.ஐ.எஸ்.ஸின் தந்தை என்று அவரை அழைக்கிறார்கள்.

இது எப்படி வேலை செய்கிறது? நான்கு டிரேசிங் பேப்பர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தெருக்கள், இன்னொன்றில் மருத்துவமனைகள், மூன்றாவதில் ஆம்புலன்ஸ் நிற்கும் இடங்கள், நான்காவதில் உதவி கேட்டு வந்த அழைப்புகள். நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். அழைப்புகள் எங்கே கூட்டமாக இருக்கின்றன, அங்கே போக எந்த ஆம்புலன்ஸ் பக்கம் என்பதெல்லாம் பளிச்சென்று தெரியும்! ஜி.ஐ.எஸ். இதைக் கம்ப்யூட்டரில் செய்கிறது. எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் வைக்கலாம்.

ஒரு வருட அழைப்புகளைப் புள்ளிகளாக வைத்தால் இன்னும் பல ரகசியங்கள் வெளிவரும். ஒரே சாலைத் திருப்பத்தில் அடிக்கடி விபத்தா? அங்கே வேகத்தடை போடலாம். மாலை நேரத்தில் ஒரு பகுதியில் அழைப்புகள் அதிகமா? அந்த நேரத்தில் ஆம்புலன்ஸை அதன் அருகிலேயே நிறுத்தி வைக்கலாம்.

புள்ளி ஏமாற்றும்!

இங்கே கொஞ்சம் கவனம் தேவை. பேருந்து நிலையத்தில் நிறையப் புள்ளிகள் இருந்தால், அது ஆபத்தான இடம் என்று சொல்லிவிடலாமா? கூடாது. அங்கே ஆயிரக்கணக்கானோர் வந்து போகிறார்கள். அதனால் அழைப்புகளும் அதிகம்.

சரி, ஒரு புள்ளிகூட இல்லாத இடம்? அங்கே பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்! அங்கே யாரிடமும் போன் இல்லாமல் இருக்கலாம். டவர் இல்லாமல் இருக்கலாம். எந்த எண்ணை அழைப்பது என்றே தெரியாமல் இருக்கலாம். நல்ல வரைபடக்காரர், புள்ளி உள்ள இடத்தைப் போலவே புள்ளி இல்லாத இடத்தையும் உற்றுப் பார்ப்பார்.

நீங்களும் செய்யலாம்!

உங்கள் தெருவை ஒரு பெரிய தாளில் வரையுங்கள். வீடுகள், கடைகள், கோயில், பள்ளி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் குறியுங்கள். அம்மா அல்லது அப்பாவோடு ஒரு மாதம் கவனித்து வாருங்கள். தெருவிளக்கு எரியாத இடத்துக்கு மஞ்சள் புள்ளி. மழைநீர் தேங்கும் இடத்துக்கு நீலப் புள்ளி. யாராவது வழுக்கி விழுந்த இடத்துக்குச் சிவப்புப் புள்ளி. ஒவ்வொன்றின் அருகிலும் தேதியை எழுதுங்கள்.

மஞ்சளும் சிவப்பும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றனவா? அந்த இடத்துக்கு முதலில் ஒரு விளக்கு வேண்டும்! பெரியவர்களோடு சேர்ந்து உங்கள் வார்டு உறுப்பினரிடம் அந்த வரைபடத்தைக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட வரைபடம் சத்தமாகப் பேசும்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008ல் தொடங்கியது. 112 என்ற எண்ணை அழைத்தாலும் அவசர உதவி கிடைக்கும். விளையாட்டுக்காக இந்த எண்களை அழைக்கவே கூடாது. உண்மையிலேயே தேவை வந்தால் பதறாமல் மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: எங்கே, என்ன, எத்தனை பேர். தெருப் பெயரோடு, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டு முகவரியும் அருகிலுள்ள அடையாளமும் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா? இப்போதே கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தம்பி, தங்கைக்கும் சொல்லிக் கொடுங்கள்!