முடிச்சுப் போடாத தையல்காரர்



"மெக்கானிகல் பையனுக்குக் குருவியோட என்னப்பா வேலை?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்லப்போவது ஒரு கைதேர்ந்த ஃபிட்டரைப் பற்றி. எடை பத்து கிராமைத் தாண்டாது. டிப்ளமோ கிடையாது, டூல் பாக்ஸும் கிடையாது. பெயர் தையல்சிட்டு.

ஆள் அடையாளம்

தலையில் துருப்பிடித்த இரும்பின் நிறம், முதுகு இலைப்பச்சை, வயிறு வெளுப்பு. வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு செடிக்குச் செடி தாவும். 'ட்விட் ட்விட் ட்விட்' என்று விடாமல் கத்தும். 'இவ்வளவு சின்ன உடம்பிலிருந்தா இந்தச் சத்தம்?' என்று தோன்றும். கத்தும்போது கழுத்தின் இருபுறமும் கருப்புத் திட்டு தெரியும். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு நடுவால் சிறகு இரண்டும் நீளமாக வளரும். புழு, வண்டு, பூச்சிகள்தான் சாப்பாடு. பூக்களில் தேனும் குடிக்கும்.

இந்தியா, இலங்கையிலிருந்து தென்சீனா, ஜாவா வரை இதன் ராஜ்ஜியம். 1769-ல் தாமஸ் பென்னன்ட் என்ற வேல்ஸ் நாட்டவர் இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். பெயரில் வரும் 'சூட்டோரியஸ்' என்ற லத்தீன் சொல் செருப்புத் தைப்பவரின் தொழிலைக் குறிப்பது! முன்பு இதைக் கதிர்க்குருவிகளின் பெரிய குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். மரபணு ஆராய்ச்சிக்குப் பிறகு 'சிஸ்டிகோலிடே' என்ற தனிக் குடும்பத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

ஊசி, நூல், துணி

அலகுதான் ஊசி. சிலந்தி நூல், பஞ்சு, செடிநார்தான் நூல். துணி? செடியிலேயே இருக்கும் பச்சை இலை. பறித்த இலையை அது தொடாது. பெரிய இலையாக இருந்தால் ஒன்றையே சுருட்டும். சிறியதாக இருந்தால் இரண்டு மூன்றைச் சேர்க்கும். ஓரத்தில் அலகால் பொடிப்பொடியாகத் துளை போட்டு நூலை இழுக்கும். துளை சின்னது என்பதால் இலை வாடுவதில்லை. இலையின் மேல்பக்கம் வெளியே தெரியும்படி சுருட்டுவதால், பக்கத்தில் போய் நின்றாலும் அது ஒரு கூடு என்று தெரியாது. இந்தப் பைக்குள்தான் பஞ்சு மெத்தை.

தையலா, ரிவெட்டா?

இதுதான் முக்கியமான இடம். சிட்டு முடிச்சே போடுவதில்லை! துளைக்கு வெளியே வந்த நூலின் முனை பிரிந்து, பஞ்சு உருண்டையாக உப்பி நிற்கும். அந்த உருண்டை துளையைவிடப் பெரியது. அதனால் நூல் திரும்ப உள்ளே போகாது. நம்ம ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தகட்டைச் சேர்த்து, ரிவெட்டின் வாலைத் தட்டி 'ஹெட்' ஆக்குகிறோமே, அதே தத்துவம். பல இடங்களில் ஒவ்வொரு தையலும் தனித்தனி. ஒன்று விட்டுப்போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஊரில் தையல் மிஷின் ஓட்டுகிறார். லீவுக்குப் போகும்போதெல்லாம், "அங்க என்னடா சொல்லிக் குடுக்கறாங்க?" என்பார். டிராயிங் ஷீட்டை விரித்துக் காட்டினால் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். போன லீவில் இந்தச் சிட்டின் கதையைச் சொன்னேன். "முடிச்சில்லாம எப்படிடா நிக்கும்?" என்று மிஷினை நிறுத்தினார். ரிவெட்டைப் படம் போட்டு விளக்கினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காஜாவுல பட்டன் மாட்டுற மாதிரின்னு சொல்லு" என்றார். இரண்டு செமஸ்டராக என்னால் சொல்ல முடியாததை அந்தச் சிட்டு சொல்லிக் கொடுத்துவிட்டது!

இருபத்தாறு நாள்

பெரும்பாலும் மூன்று முட்டை. பொரிய சுமார் 12 நாள். குஞ்சு பறக்க இன்னும் சுமார் 14 நாள். தாய், தகப்பன் இரண்டுமே இரை ஊட்டும். பூனை, எலி, ஓணான், செம்போத்து எல்லாம் எதிரிகள். போதாக்குறைக்கு, சில குயில்கள் இதன் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிட்டுப் போய்விடும்.

இந்தப் பட்டியலில் நம்ம கத்தரியும் சேர வேண்டுமா? நம் நாட்டில் மார்ச் முதல் டிசம்பர் வரை இது கூடு கட்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மும்முரம். விழா வருகிறது, விருந்தினர் வருகிறார் என்று செடிகளை மொட்டையடிப்பதும் இந்த மாதங்களில்தான். கூடு இடுப்புயரச் செடியில்கூட இருக்கும். வெட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியாது. பகைவர் கண்ணில் படக்கூடாது என்று மறைத்துக் கட்டியதே அதற்கு வினையாகிவிடுகிறது.

ஆகவே நண்பர்களே, வெட்டுவதற்கு முன் ஒட்டிக்கொண்டிருக்கும் இலைகளை ஒருதரம் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைப் பொட்டு வரிசையாக இருக்கிறதா? அந்தச் செடியை மட்டும் ஒரு மாதம் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த மூன்று குஞ்சுகளும் பறந்து போகட்டும்!