21 வாக்கு, செல்வாக்கு பூஜ்யம்

மூன்று பேர் கூட்டாக ஓர் அரிசி ஆலை நடத்துகிறார்கள். ஒருவருக்கு 49 பங்கு, இன்னொருவருக்கு 49, மூன்றாமவருக்கு 2. எந்த முடிவுக்கும் 51 பங்கின் சம்மதம் வேண்டும். இதில் யார் கை ஓங்கியிருக்கும்?

2 பங்கு வைத்திருப்பவரை யாரும் மதிக்க மாட்டார்கள் என்றுதான் முதலில் தோன்றும். கூட்டிப் பாருங்கள். 49உம் 49உம் சேர்ந்தால் 98, போதும். 49உம் 2உம் சேர்ந்தால் 51, அதுவும் போதும். யாராவது இரண்டு பேர் சேர்ந்தால் காரியம் நடக்கும். தனியாக யாராலும் எதுவும் முடியாது. ஆக மூன்று பேருக்கும் ஒரே பலம். இப்போது முதலாமவர் இரண்டாமவரிடமிருந்து 2 பங்கை மட்டும் வாங்கி 51 ஆக்கிக்கொள்ளட்டும். அந்த நொடியில் 47 பங்கு வைத்திருப்பவரும் 2 பங்கு வைத்திருப்பவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். இருவருக்கும் கூட்டத்துக்கு வந்து டீ குடிக்கும் உரிமை மட்டும்தான் மிச்சம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளாமல் அமெரிக்காவில் ஒரு கவுன்டியே பல ஆண்டுகள் ஆட்சி நடத்தியது. நியூயார்க் நகரத்தின் கிழக்கு எல்லையை ஒட்டி, லாங் ஐலண்டில் இருக்கும் நாசாவ் கவுன்டி அது. குயீன்ஸ் கவுன்டியிலிருந்து 1899இல் தனியாகப் பிரிந்தது. கவுன்டியை ஏறக்குறைய ஒரு மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கலெக்டரை மேலிருந்து அனுப்ப மாட்டார்கள்; போலீஸ், பூங்கா, சாலை, சொத்து வரி எல்லாம் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் கையில்.

நாசாவுக்குள் மூன்று டவுன்கள், இரண்டு நகரங்கள். ஹெம்ப்ஸ்டெட், ஆய்ஸ்டர் பே, நார்த் ஹெம்ப்ஸ்டெட் ஆகியவை டவுன்கள். கிளென் கோவ், லாங் பீச் ஆகியவை நகரங்கள். பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம், இங்கே டவுன்தான் பெரியது, நகரம் சிறியது. ஒவ்வோர் ஊரும் தன் சூப்பர்வைசரைக் கவுன்டி சபைக்கு அனுப்பும். ஹெம்ப்ஸ்டெட் மட்டும் இரண்டு பேரை அனுப்பும். மொத்தம் ஆறு பேர். விவசாய காலத்துக்கு இந்த ஏற்பாடு போதுமானதாக இருந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் நிலைமை தலைகீழானது. ஹெம்ப்ஸ்டெட்டின் உருளைக்கிழங்கு வயல்களில் 1947 முதல் லெவிட்டவுன் என்ற புறநகர் முளைத்தது. போரிலிருந்து திரும்பியவர்களுக்காக ஒரே அச்சில் வார்த்ததைப் போல 17,000க்கும் மேற்பட்ட வீடுகள். 1940இல் நாலு லட்சமாக இருந்த கவுன்டியின் மக்கள்தொகை 1960இல் 13 லட்சம் ஆகிவிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் ஹெம்ப்ஸ்டெட்காரர்கள். கிளென் கோவிலும் லாங் பீச்சிலும் ஊருக்கு முப்பதாயிரம் பேர்கூட இல்லை.

ஆறு பேருக்கும் தலைக்கு ஒரு வாக்கு என்றால் அநியாயம். தொகுதி எல்லைகளைப் புதிதாக வரைந்தால் பழைய ஊர்களின் தனித்தன்மை போய்விடும், பல நாற்காலிகளும் போய்விடும். இதற்கு நாசாவ் கண்டிருந்த வழி எடை வாக்கு. எல்லையைத் தொட வேண்டாம். ஊரின் மக்கள்தொகைக்குத் தகுந்தபடி வாக்கின் எடையை ஏற்றி இறக்கினால் போதும். யாருடைய பதவியும் பறிபோகாத சீர்திருத்தம் அரசியல்வாதிகளுக்குப் பிடிக்காமல் இருக்குமா?

1964இல் அந்த எடைகள் இப்படி இருந்தன: ஹெம்ப்ஸ்டெட்டின் இருவருக்கும் தலைக்கு 31, ஆய்ஸ்டர் பேக்கு 28, நார்த் ஹெம்ப்ஸ்டெட்டுக்கு 21, இரண்டு சின்ன நகரங்களுக்கும் தலைக்கு 2. மொத்தம் 115. தீர்மானம் நிறைவேற 58 வேண்டும்.

பார்வைக்கு நியாயமாகத்தான் இருக்கிறது. பெரிய ஊருக்குப் பெரிய எண், சிறிய ஊருக்குச் சிறிய எண். இப்போது ஆலைக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 31, 31, 28 என்ற மூன்று பெரிய எண்களில் எந்த இரண்டு சேர்ந்தாலும் குறைந்தது 59 வந்துவிடும். ஆக, பெரியவர்கள் மூவரில் இருவர் ஒத்துப்போனால் முடிந்தது கதை. ஒருவர் மட்டும் ஆதரித்தால்? 31உடன் நார்த் ஹெம்ப்ஸ்டெட்டின் 21, நகரங்களின் 2, 2 எல்லாவற்றையும் கூட்டினாலும் 56தான். இரண்டு வாக்கு குறைகிறது.

இதன் பொருள் கொஞ்சம் திடுக்கிட வைப்பது. நார்த் ஹெம்ப்ஸ்டெட்டின் 21 வாக்கும் எந்தச் சூழ்நிலையிலும் எந்தத் தீர்மானத்தையும் ஜெயிக்க வைக்காது, தோற்கடிக்கவும் செய்யாது. இரண்டு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த டவுன் அது. அதன் பிரதிநிதி கூட்டத்துக்கு வந்தார், விவாதித்தார், கையைத் தூக்கினார். அவர் வராமலே இருந்திருந்தாலும் முடிவுகளில் ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. 21 வாக்கும் 2 வாக்கும் ஒரே மதிப்பு, பூஜ்யம். இன்னொரு பக்கம் 28 வாக்கும் 31 வாக்கும் ஒரே மதிப்பு, மூன்றில் ஒரு பங்கு. 1958இல் எடைகள் 9, 9, 7, 3, 1, 1 என்று இருந்தபோதும், 16 வாக்குப் பெரும்பான்மையில், இதே கதைதான். எண்கள் மாறின, பூஜ்யங்கள் இடம் மாறவில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிலவில் மனிதனை இறக்கிய லூனார் மாடூலை க்ரம்மன் நிறுவனம் வடிவமைத்துக் கட்டியது இதே நாசாவ் கவுன்டியின் பெத்பேஜில்தான். ராக்கெட் கணக்கு பிசகாத ஊரில் உள்ளூர் சபையின் கூட்டல் பிசகியிருந்தது.

பிசகைப் பிடித்தவர் ஜான் பான்ஸாஃப். எம்ஐடியில் மின்பொறியியல் படித்துவிட்டுச் சட்டம் படிக்க வந்தவர். எடை வாக்கு வேலை செய்யாது என்று தலைப்பிலேயே போட்டு உடைத்த அவருடைய கட்டுரை 1965இல் ரட்கர்ஸ் சட்ட இதழில் வந்தது. (இதே மனிதர்தான் சில ஆண்டுகளில் தொலைக்காட்சியின் சிகரெட் விளம்பரங்களுக்கு எதிராகக் கிளம்பி, புகையிலைக் கம்பெனிகளின் தூக்கத்தைக் கெடுத்தார்.) அவருடைய யோசனை எளிமையானது. ஒருவரிடம் எத்தனை வாக்கு இருக்கிறது என்று கேட்காதே. அவர் மனம் மாறினால் முடிவு மாறும் சந்தர்ப்பங்கள் எத்தனை என்று கேள். ஆறு பேர், ஒவ்வொருவரும் ஆம் அல்லது இல்லை என்றால் 64 விதமான வாக்களிப்புகள் சாத்தியம். ஒவ்வொன்றிலும் யார் கட்சி மாறினால் முடிவு புரளும் என்று பார்த்துக்கொண்டே போக வேண்டியதுதான். ஒரு மாலைப்பொழுதில் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து செய்துவிடலாம். அதுவரை கவுன்டியில் யாரும் உட்காரவில்லை என்பதுதான் ஆச்சரியம். இதே அளவுகோலைப் பிரிட்டனின் லயனல் பென்ரோஸ் 1946இலேயே ஐக்கிய நாடுகள் சபையை மனதில் வைத்து எழுதியிருந்தார். அவர் தொழிலால் மனநல மருத்துவர். இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸின் அப்பா.

அந்தச் சமயத்தில் அமெரிக்க நீதிமன்றங்களும் விழித்துக்கொண்டிருந்தன. டெக்சஸின் மிட்லண்ட் கவுன்டியில் நான்கு கமிஷனர் தொகுதிகள். ஒன்றில் 67,906 பேர். மற்ற மூன்றில் 852, 828, 414. நகரவாசிகள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே தொகுதிக்குள். சாலைகளைப் பராமரிப்பதுதானே கமிஷனர்களின் முக்கிய வேலை, சாலைகள் கிராமப்புறத்தில்தானே இருக்கின்றன என்று கவுன்டி தரப்பில் நியாயம் சொன்னார்கள். 1968இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற விதி மாநிலச் சட்டமன்றங்களுக்கு மட்டுமல்ல, உள்ளூர் சபைகளுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பானது.

நியூயார்க் மாநிலத்தின் உச்ச மன்றமோ 1967இலேயே பான்ஸாஃபின் பக்கம் சாய்ந்துவிட்டது. எடை வாக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மக்கள்தொகைக்கு ஏற்றபடி இருக்க வேண்டியது வாக்கின் எண்ணிக்கை அல்ல, அதன் செல்வாக்கு. கணினியில் கணக்குப் போட்டுக் காட்டுங்கள் என்றது. நாசாவும் திருந்தியது. அதன் கடைசி ஏற்பாட்டில் எடைகள் 30, 28, 22, 15, 7, 6. மொத்தம் 108. சாதாரணப் பெரும்பான்மை 55. ஆனால் தீர்மானம் நிறைவேற 65 வேண்டும் என்று உயர்த்தினார்கள். அந்தப் பத்து வாக்கு உயர்வு செல்வாக்கை மக்கள்தொகைக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தது. 30, 22, 7 மூன்றும் சேர்ந்தால் 59. கிளென் கோவின் 6 வந்தால் சரியாக 65. சபையிலேயே மெலிந்த உறுப்பினருக்கும் ஒரு பிடி இருந்தது. கொடுத்த விலை என்னவென்றால், 44 வாக்கு கைக்குள் இருந்தால் எதையும் நிறுத்திவிடலாம்.

எனக்கு இந்தக் கணக்கு பிடிக்கும். ஆனால் அதற்குள் ஓர் ஓட்டை இருப்பதை மறைக்க முடியாது. ஒவ்வோர் உறுப்பினரும் காசைச் சுண்டிப் பார்த்து வாக்களிப்பவர்போல, ஒருவருக்கொருவர் தொடர்பே இல்லாதவர்கள்போல அது நினைத்துக்கொள்கிறது. நாசாவில் ஹெம்ப்ஸ்டெட்டின் இரண்டு பேரும் ஒரே டவுன்காரர்கள். அவர்கள் சேர்ந்து கையைத் தூக்கினால் 1964இன் எடையில் 62. மற்ற நாலு பேரும் எழுந்து வீட்டுக்குப் போகலாம். கணிதம் ஆய்ஸ்டர் பேக்கு மூன்றில் ஒரு பங்கு பலம் என்று சொன்ன இடத்தில் அரசியல் அதற்கும் பூஜ்யம் என்று சொல்லியிருக்கும். அமெரிக்க உச்ச நீதிமன்றமும் பான்ஸாஃபின் அளவுகோலை இப்படித்தான் சந்தேகத்தோடு பார்த்தது. 1989இல் நியூயார்க் நகரத்தின் ஒரு பழைய அதிகார வாரியத்தைக் கலைக்க வைத்த வழக்கில், கணிதம் நேர்த்தியானதாக இருக்கலாம், நடைமுறை அரசியலுக்குப் போதாது என்று ஒதுக்கியது. அந்த வாரியத்தில் 22 லட்சம் பேர் வாழ்ந்த புரூக்ளினுக்கும் மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஸ்டேட்டன் ஐலண்டுக்கும் சமமான வாக்கு இருந்தது.

அதன் பிறகு நாசாவின் எடை வாக்கும் நிலைக்கவில்லை. 1993இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. ஆறு சூப்பர்வைசர்களின் இடத்தில் 1996இல் 19 தொகுதிகளின் உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு வாக்கு.

ஆக, எல்லையைத் தொடாமல் தப்பிக்கப் பார்த்த கவுன்டி கடைசியில் பென்சிலைக் கையில் எடுக்க வேண்டியதாயிற்று. பென்சிலுக்கு எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன என்பது இன்னொரு திகைப்பு. நாலுக்கு நாலு கட்டங்கள் கொண்ட ஒரு சதுர ஊரை, தொகுதிக்கு நாலு கட்டமாக, துண்டாகாத நாலு தொகுதிகளாகப் பிரிக்கச் சொன்னால் 117 வழிகள் உண்டு. ஐந்துக்கு ஐந்தை ஐந்து தொகுதிகளாக்க 4,006. ஆறுக்கு ஆறு என்றால் 4,51,206. ஒன்பதுக்கு ஒன்பதில் ஒன்பது தொகுதிகள் என்றால் ஏழு கோடி கோடிக்கும் மேல். அதுவும் வெறும் 81 கட்டம். நிஜக் கவுன்டியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சின்னச் சின்னப் பகுதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாத் தொகுதிகளிலும் ஆட்கள் ஏறக்குறைய சமம் என்ற நிபந்தனையைப் போட்டாலும், எண்ணி முடிக்க முடியாத வரைபடங்கள் மிஞ்சும். அவற்றிலிருந்து தனக்குத் தோதான ஒன்றை ஒரு கட்சி பொறுக்கிக்கொள்வதற்கு எத்தனை வசதி என்று யோசித்துப் பாருங்கள்.

வரைபடத்தின் உருவத்தைப் பார்த்தே இந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடித்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். 1812இல் மாசசூசெட்ஸின் எசெக்ஸ் கவுன்டியில் வரைந்த ஒரு தொகுதியைப் பத்திரிகைக்காரர்கள் இறக்கை முளைத்த பல்லிபோலக் கேலிச்சித்திரமாகப் போட்டதிலிருந்து வந்த நம்பிக்கை அது. உருவம் நம்பகமான சாட்சி அல்ல. லாங் ஐலண்டின் கடற்கரையே வளைந்து நெளிந்தது. அங்கே கோணலான தொகுதி யோக்கியமானதாகவும் இருக்கலாம், அழகான சதுரம் திருட்டாகவும் இருக்கலாம்.

இப்போது கணிதவியலாளர்கள் வேறு வழியில் பிடிக்கிறார்கள். விதிகளுக்கு உட்பட்டு, கட்சி பார்க்காமல் ஆயிரக்கணக்கான வரைபடங்களைக் கணினியை வரையச் சொல்வது. ஒரு வரைபடத்தில் தொடங்கி, பக்கத்துப் பக்கத்துத் தொகுதிகள் இரண்டை ஒன்றாக்கி, வேறுவிதமாக வெட்டி, அடுத்த வரைபடத்துக்கு நகர்வது. இப்படியே போய்க்கொண்டே இருப்பது. பழைய தேர்தலின் வாக்குகளை ஒவ்வொரு வரைபடத்திலும் போட்டு யாருக்கு எத்தனை இடம் என்று பார்ப்பது. சபை நிறைவேற்றிய வரைபடம் தரும் முடிவு அந்தக் கூட்டத்திலிருந்து எங்கோ ஒதுங்கி நின்றால், அது தற்செயலாக அங்கே போயிருக்காது. டியூக் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் மாட்டிங்லி 2019இல் வட கரோலினா வழக்கில் இதை நீதிமன்றத்தில் சாட்சியமாகவே வைத்தார், நீதிபதிகளும் ஏற்றுக்கொண்டார்கள்.

நாசாவிலும் சண்டை ஓயவில்லை. 2020 கணக்கெடுப்புக்குப் பிறகு 2023இல் வரைந்த வரைபடத்தில் கறுப்பின, லத்தீன், ஆசிய சமூகத்தினரின் குடியிருப்புகள் சிதறடிக்கப்பட்டதாக வழக்குப் போட்டார்கள். 2025 தொடக்கத்தில் சமரசம் ஆகி வரைபடம் திருத்தப்பட்டது. நியூயார்க் மாநிலத்தின் வடக்கே உள்ள வாஷிங்டன் கவுன்டியைப் போன்ற சில இடங்களில் எடை வாக்கு இன்றும் உயிரோடு இருக்கிறது. பான்ஸாஃபின் கணக்கைத் தெரிந்துகொண்டு எடைகளைப் போடுகிறார்கள்.

ஒரு நாசாவ் தொகுதியில் இன்று சராசரியாக 73,000 பேர். கிளென் கோவின் மக்கள்தொகை அதில் பாதிகூட வராது. பக்கத்து ஊர்களோடு சேர்ந்துதான் அது ஒரு தொகுதியில் இடம்பிடிக்க முடியும். முன்பு தன் பெயரில் ஒரு நாற்காலியும் உதவாத இரண்டு வாக்கும் அதற்கு இருந்தன. இப்போது நாற்காலி பொதுவானது, அதில் உட்காருபவர் 19இல் ஒருவர், அவருடைய வாக்கு மற்ற எந்த உறுப்பினரின் வாக்குக்கும் சமம்.