தீட்டியவர் பெயர் எங்கே?

சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலே திரைப்படம் பார்க்கச் சென்றவர்கள் முதலிற் கண்டது வெண்திரையை அன்று. படமாளிகையின் வாயிலில் ஒட்டப்பட்டிருந்த சுவரொட்டியையே. அது பெரும்பாலும் ஒளிப்படமன்று. ஓவியர் ஒருவர் தூரிகை கொண்டு தீட்டிய வண்ணச் சித்திரம். நடிகர், நெறியாளர், தயாரிப்பாளர் ஆகியோரின் பெயர்களெல்லாம் அதிலே பெரிதாக அச்சாகியிருக்கும். சித்திரத்தைத் தீட்டியவரின் பெயரை மட்டும் தேடினாலும் காண்பது அரிது.

'பென்ஹர்' என்னும் சரித்திரப் படத்தை அறியாதார் சிலரே. லூ வாலஸ் 1880ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவலைத் தழுவி, வில்லியம் வைலரின் நெறியாள்கையில் உருவான இப்படம் 1959ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நியூயோர்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. அதன் தேரோட்டக் காட்சிக்காக ரோமாபுரியின் சினெசித்தா ஸ்டூடியோவில் 18 ஏக்கர் நிலத்திலே களம் அமைத்தார்கள். படம் 11 ஒஸ்கார் பரிசுகளை வென்றது.

மூன்றரை மணி நேரம் ஓடும் இக்கதையை ஒரே தாளில் எவ்வாறு சொல்வது? ஒளிப்படக் கருவி ஒரு கணத்தை மட்டுமே பிடிக்கும். ஓவியரோ பல கணங்களை ஒன்றாகக் கோக்க வல்லவர். பென்ஹர் சுவரொட்டிகளிலே படத்தின் பெயர், மலைப்பாறையிற் செதுக்கிய மாபெரும் கல்லெழுத்தாக நிமிர்ந்து நிற்கிறது. அதனோடு நான்கு குதிரைகள் பூட்டிய தேர்கள் புழுதி பறக்கப் பாய்ந்து வருகின்றன. கல்லின் அசையாமையும் குதிரையின் வேகமும் ஒருங்கே கண்ணிற் படும்போது, பேரரசின் வலிமையையும் தனிமனிதனின் போராட்டத்தையும் பார்ப்பவர் ஒரு நொடியில் உணர்ந்துவிடுகிறார்.

இவ்விளம்பரச் சித்திரங்களிற் பங்கு கொண்டவர்களுள் ஒருவர் ரெனல்ட் பிரவுண். 1917ஆம் ஆண்டில் பிறந்த அமெரிக்கரான அவர், இளமையிற் பத்திரிகைச் சித்திரக்கதையொன்றுக்கு மை தீட்டும் பணி செய்தார். இரண்டாம் உலக யுத்த காலத்தில் விமானத் தொழிற்சாலை ஒன்றிலே, விமானத்தின் உள்ளுறுப்புக்களைத் திறந்து காட்டும் விளக்கப் படங்களை வரைந்தார். பின்னர் ஹொலிவூட் நிறுவனங்களுக்காக நூற்றுக்கணக்கான விளம்பரச் சித்திரங்களைத் தீட்டினார். 'ஸ்பார்ட்டகஸ்', 'அலமோ' ஆகிய 1960ஆம் ஆண்டுச் சரித்திரப் படங்களுக்கும் அவர் கைவண்ணம் உண்டு.

இத்தகைய ஓவியருக்கு வேலை வரும் முறை எளியது. நிறுவனத்தின் கலை அதிகாரி படத்தின் ஒளிப்படங்கள் சிலவற்றையும் தம் எண்ணத்தையும் தருவார். குறித்த தவணைக்குள் ஓவியம் முடியவேண்டும். முடிந்ததும் அது நிறுவனத்தின் சொத்தாகிவிடும்.

அச்சிட்ட தாளின் கதியும் அதுவே. அமெரிக்கப் படமாளிகைகளில் வழங்கிய சாதாரணச் சுவரொட்டி 27 அங்குல அகலமும் 41 அங்குல உயரமும் உடையது. அவற்றைப் படமாளிகைகளுக்கு விநியோகிக்கும் பணியைப் பல ஆண்டுகள் செய்தது நஷனல் ஸ்கிரீன் சேர்விஸ் என்னும் நிறுவனம். படம் ஓடி முடிந்ததும் சுவரொட்டியைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனை தாளின் அடியிலேயே சிறு எழுத்திற் பொறிக்கப்பட்டிருந்தது. திரும்பியவை மடிப்புக் கிழியும்வரை ஊர் ஊராகச் சென்றன. சுவரிலே பசையிட்டு ஒட்டப்பட்டவை மழையோடும் வெயிலோடும் போயின. இன்று எஞ்சியுள்ளவற்றைச் சேகரிப்போர் பெருவிலை கொடுத்து வாங்குகின்றனர். அன்றோ அவை பழங் காகிதம்.

1976ஆம் ஆண்டில் பிரவுணைப் பாரிசவாதம் தாக்கியது. உடலின் இடப்பாகம் செயலிழந்தது; விளம்பரத் தொழிலும் அத்துடன் முடிந்தது. ஆயினும் அவர் தூரிகையை எறிந்துவிடவில்லை. மனைவியின் துணையோடு மீண்டும் வரையப் பழகினார். இம்முறை தேர்களையும் போர்க்களங்களையும் அன்று, அமைதியான நிலக்காட்சிகளையே தீட்டினார். எந்த நிறுவனமும் கேட்காமல், எந்தத் தவணையும் இல்லாமல், தம் மனநிறைவுக்காகத் தீட்டிய சித்திரங்கள் அவை. 1991ஆம் ஆண்டில் அவர் காலமானார். பழைய சுவரொட்டிகளில் ஆர்வங்கொண்டோர் இன்று அவருடைய பெயரைத் தேடிப் படிக்கின்றனர்.

கலைஞனுக்குக் கூலி கிடைத்துவிட்டது. பெயர் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூலி வயிற்றுக்கு, பெயர் செய்த வேலைக்கு நாம் காட்டும் நன்றி. கோபுரத்தைக் கண்டு வியக்கும் நாம் கல் சுமந்தவனையும் உளி பிடித்தவனையும் எண்ணிப் பார்ப்பதில்லை. மாணவர்களே, இனிப் பழைய சுவரொட்டி ஒன்றைக் காண நேர்ந்தால், கதாநாயகனின் முகத்தை மட்டும் பார்த்து நகர்ந்துவிடாதீர்கள். அம்முகத்தை வரைந்த கை யாருடையது என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.