பன்றியில்லாத ஜேர்மன் சமையல்

ஜேர்மன் சாப்பாடு என்றதும் நம்மவர்கள் முகம் சுளிப்பார்கள். பன்றியும் பியரும்தானே என்பார்கள். அங்கே சென்று வாழும் நம் பிள்ளைகளிற் சிலரும் இந்த அச்சத்தினால் அந்நாட்டுப் பண்டம் எதையும் தொடுவதில்லை. பேணுதல் நல்லதே. ஆனால் ஒரு நாட்டின் அடுப்பங்கரை முழுவதையும் ஹராம் என ஒதுக்குவது முறையான தீர்ப்பாகாது.

அவர்களது வீட்டுச் சமையலில் உருளைக்கிழங்கு, கோவா, பாண் ஆகியவற்றுக்கே பெரும் பங்கு. உருளைக்கிழங்கைப் பயிரிடுமாறு பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக் 1756இல் கட்டளையே பிறப்பித்தார். ஒரு கிலோ கிழங்கைப் பச்சையாகத் துருவி, நீரைப் பிழிந்து, துருவிய வெங்காயம், 2 முட்டை, 3 மேசைக்கரண்டி கோதுமை மா, உப்புச் சேர்த்து எண்ணெயில் தட்டையாகப் பொரித்தால் கார்டொஃபெல்புஃபர். அவித்து மசித்த அப்பிளுடன் உண்பார்கள். பிள்ளைகள் விரும்புவார்கள்.

ஸவர்கிரவுட் என்பது புளித்த கோவா. “புளித்தது” என்றதும் மதுவோ என்று தயங்க வேண்டாம். தயிரிலுள்ள அதே லக்டிக் அமிலம்தான் இதற்கும் புளிப்பைத் தருகிறது. மெல்லியதாக அரிந்த ஒரு கிலோ கோவாவுக்கு 20 கிராம் உப்பு. நீர் விடும்வரை கையால் பிசைந்து, அந்த நீருக்குள்ளேயே அமிழ்ந்திருக்கும்படி போத்தலில் அழுத்தி வையுங்கள். வாயு வெளியேற மூடியைச் சற்றுத் தளர்த்தி விடவும். அங்கே சில வாரங்கள் எடுக்கும். நம் வெப்பத்தில் விரைவாகவே புளித்துவிடும்.

உண்மையான சிக்கல் ஸவர்பிராட்டனில்தான். மாட்டிறைச்சியை வினாகிரி, வெங்காயம், கரட், கராம்பு, மிளகு ஆகியவற்றில் சில நாட்கள் ஊறவைத்து மெல்லிய நெருப்பில் வேகவைக்கும் பண்டம் இது. ரைன் நதிப் பிரதேசத்தில் குழம்புக்கு முந்திரிகை வற்றலும் சேர்ப்பார்கள். பலர் ஊறவைக்கும்போது சிவப்பு வைனும் ஊற்றுகிறார்கள். “கொதிக்கும்போது ஆவியாகிவிடுமே” என்று சமாதானம் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். வினாகிரியும் தண்ணீரும் போதும், சுவை குன்றாது.

இறைச்சிக்கு வழியுண்டு. 1961ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் துருக்கியத் தொழிலாளர் பெருமளவில் அங்கு குடியேறினர்; இன்று பல நகரங்களில் அவர்களது கடைகள் இருக்கின்றன. மயக்கமூட்டாது அறுக்க விசேட அனுமதி கோரிய துருக்கிய இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் வழக்கில், 2002இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது.

கடையில் வாங்கும் போத்தல்களிலும் பொதிகளிலும் சில சொற்களைத் தேடிப் பாருங்கள். “ஷ்வைன்” பன்றி. “ஷ்பெக்” பெரும்பாலும் பன்றிக் கொழுப்பிறைச்சி. “ஷ்மால்ட்ஸ்” உருக்கிய கொழுப்பு. அதுவும் அநேகமாகப் பன்றியினுடையதே. “வைன்” என்றால் மது. சில ஸவர்கிரவுட்டில் அதுவும் கலந்திருக்கும். “எஸிக்” என்பது வினாகிரி.