யூத வெறுப்பும் கிறிஸ்தவ மாணவர் கடமையும்

ஒருவன் செய்த குற்றத்துக்காக அவனைக் கண்டிப்பது நீதி. அவன் பிறந்த குலத்துக்காக அவனை வெறுப்பது அநீதி. இவ்வேறுபாட்டை ஐரோப்பா பல நூற்றாண்டுகள் மறந்திருந்தது. அம்மறதியின் பெயரே யூத வெறுப்பு. அதன் முடிவில் 60 இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர்.

இவ்வெறுப்பு கல்லாதவரிடையே மட்டும் வளர்ந்தது என்று எண்ணுவது பிழை. பல்கலைக் கழகங்களிலும் அது செழித்து வளர்ந்தது. ஆங்கே பயின்ற மாணாக்கருள் பெரும்பாலோர் கிறிஸ்தவர். அவர்களுள் பலர் வெறுப்புக்குத் துணை போயினர். சிலர் எதிர்த்து நின்றனர். அச்சிலர் செய்தது யாது, அதிலிருந்து இன்றைய கிறிஸ்தவ மாணவர் கற்கத்தக்கது யாது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வேர் எங்கே?

முதற்கண் கிறிஸ்தவ மாணவன் அறிய வேண்டுவது ஒன்று உண்டு. இந்நோயின் பழைய வேர் அவனுடைய சமய வரலாற்றிலேயே இருக்கிறது. இயேசுவைக் கொன்ற பழியை ஓர் இனம் முழுவதன் மீதும் சுமத்தும் போதனை பல நூற்றாண்டுகள் நிலவியது. 1215-ஆம் ஆண்டில் கூடிய நான்காம் லாத்தரன் திருச்சபைச் சங்கம், யூதர் தம் உடையால் வேறுபடுத்திக் காட்டப்பட வேண்டும் என விதித்தது. சமயச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதரே 1543-இல் யூதரைக் கொடுமையாகத் தாக்கி ஒரு நூல் எழுதினார். பின்னர் 19-ஆம் நூற்றாண்டில் இப்பழைய சமயப் பகை இனப் பகையாக உருமாறியது. 1879-இல் வில்ஹெல்ம் மார் என்ற ஜெர்மானியர் அதன் பெயரால் ஒரு சங்கமே தொடங்கினார். சமயம் மாறினால் தப்பலாம் என்ற பழைய வழியையும் இனக் கொள்கை அடைத்துவிட்டது.

கல்விக் கூடத்தில் புகுந்த நஞ்சு

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் வந்த சட்டம் யூதப் பேராசிரியர்களைப் பதவி நீக்க வழி செய்தது. ஏப்ரல் 25-ஆம் நாள் வந்த மற்றொரு சட்டம், புதிதாகச் சேரும் மாணவருள் யூதர் 1.5 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது என்றது. மே 10-ஆம் நாள் இரவு பல்கலைக் கழக நகரங்கள் பலவற்றில் நூல்கள் தீயிலிடப்பட்டன. தீ மூட்டியவர் யார்? படிப்பறியாத கும்பல் அன்று. மாணவர் சங்கத்தினரே முன்னின்றனர்.

போலந்து நாட்டில் 1937-இல் யூத மாணவருக்கெனத் தனி இருக்கைகள் ஒதுக்கப்பட்டன. அவ்விருக்கைகளில் அமர மறுத்த யூத மாணவர், விரிவுரை முடியும் வரை நின்றுகொண்டே பாடம் கேட்டனர். யூதரல்லாத மாணவர் சிலரும் அவர்களோடு எழுந்து நின்றனர். இன்று உக்ரைனில் உள்ள லிவிவ் நகரப் பல்கலைக் கழகத் தலைவராக அக்காலத்தில் இருந்த குல்சின்ஸ்கி, அத்தகைய ஆணையில் கையொப்பமிடுவதைவிடப் பதவி துறப்பதே மேல் எனத் துறந்தார்.

எதிர்த்து நின்றோர்

பெர்லின் பல்கலைக் கழகத்தில் விரிவுரையாளராய் இருந்த போன்ஹோபர் என்னும் இறையியலாளர்க்கு 1933-இல் வயது 27. அவ்வாண்டில் எழுதிய கட்டுரையில் திருச்சபையின் கடமை மூன்று என்றார். அரசின் செயல் முறையானதா என அரசையே கேட்பது ஒன்று. கொடுமைக்கு உள்ளானவர் எச்சமயத்தவராயினும் உதவுவது இரண்டு. சக்கரத்தில் நசுங்கியவர்க்கு மருந்திடுவதோடு நில்லாமல், அச்சக்கரத்தையே தடுத்து நிறுத்துவது மூன்று. அக்கட்டுரையிலும் பழைய சமயத் தப்பெண்ணத்தின் சாயல் இருந்தது என்பதை மறைத்தல் கூடாது. வேர் எத்துணை ஆழமானது என்பதற்கு அதுவே சான்று. 1945 ஏப்ரல் 9-ஆம் நாள் அவர் தூக்கிலிடப்பட்டார்.

ஹாலந்து நாட்டு லைடன் பல்கலைக் கழகத்தில் 1940 நவம்பர் 26-ஆம் நாள் நடந்தது மற்றொன்று. தம் ஆசிரியரான மையர்ஸ் யூதர் என்பதற்காக நீக்கப்பட்டதைக் கண்டித்துச் சட்டத்துறைத் தலைவர் கிளவரிங்கா மண்டபத்தில் உரையாற்றினார். மாணவர் நாட்டுப் பண் பாடினர், வகுப்புகளைப் புறக்கணித்தனர். மறுநாளே அவர் சிறைப்பட்டார். பல்கலைக் கழகம் மூடப்பட்டது.

பிரான்சில் 1942 ஜூன் 7-ஆம் நாள் முதல் யூதர் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற கட்டளை நடைமுறைக்கு வந்தது. யூதரல்லாத இளைஞர் சிலரும் நட்சத்திரம் அணிந்து பாரிஸ் நகரத் தெருக்களில் நடந்தனர். அவர்களுள் கிறிஸ்தவ மாணவரும் உண்டு. தடுப்பு முகாம்களில் அவர்கள் ஏறத்தாழ மூன்று திங்கள் அடைக்கப்பட்டனர். 1215-இல் திருச்சபை விதித்த அடையாளத்தை 1942-இல் அதன் பிள்ளைகள் சிலர் தம் நெஞ்சில் தாமே குத்திக்கொண்டனர்.

மியூனிக் பல்கலைக் கழகத்து ‘வெள்ளை ரோஜா’க் குழுவைப் பலரும் அறிவர். ஹான்ஸ் ஷோல், சோஃபி ஷோல் என்னும் உடன்பிறந்தார் லூதரன் சபையினர். வில்லி கிராஃப் கத்தோலிக்கர். ஷ்மோரல் ருஷ்ய மரபுவழிச் சபையினர். 1942-இல் இவர்கள் பரப்பிய இரண்டாம் துண்டறிக்கை, போலந்தில் மூன்று இலட்சம் யூதர் கொல்லப்பட்டதை வெளிப்படையாக எடுத்துரைத்தது. 1943 பிப்ரவரி 18-ஆம் நாள் ஷோல் உடன்பிறந்தார் பல்கலைக் கழகக் கட்டடத்திலேயே பிடிபட்டனர். பிப்ரவரி 22-ஆம் நாள் அவ்விருவரும், மூன்று குழந்தைகளின் தந்தையான பிராப்ஸ்ட் என்ற மாணவரும் கொல்லப்பட்டனர். சோஃபிக்கு வயது 21.

கொள்ளத்தக்க பாடங்கள்

இவற்றால் நாம் பெறும் பாடங்கள் நான்கு.

முதலாவது, தன் வீட்டுக் குப்பையைத் தான் முதலில் கூட்டுதல். 1947-இல் சுவிட்சர்லாந்தின் சீலிஸ்பர்க் என்னும் ஊரில் கிறிஸ்தவரும் யூதரும் கூடி, சமயப் போதனையில் திருத்த வேண்டியவற்றைப் பத்துக் கூறுகளாக வகுத்தனர். இயேசுவும் அவர்தம் தாயும் முதற் சீடரும் யூதரே என்பதை நினைவூட்டினர். 1965 அக்டோபர் 28-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் அனைவர் மீதோ இன்றைய யூதர் மீதோ சுமத்தலாகாது என அறிவித்தது. இவற்றைக் கிறிஸ்தவ மாணவன் கற்றிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, பொய்யை ஆராய்ந்து மறுத்தல். உலகை ஆளச் சதி செய்யும் யூத முதியோரின் ஏடு என ஒரு நூல் இன்றும் உலவுகின்றது. 1903-இல் ருஷ்யாவில் முதலில் அச்சான அந்நூல், வேறொரு நூலிலிருந்து திருடிப் புனைந்தது என்பதை லண்டன் டைம்ஸ் இதழ் 1921-இலேயே மெய்ப்பித்தது. நூறாண்டு கடந்தும் பொய் சாகவில்லை. ஆதலின் மறுப்போர் சோர்தல் ஆகாது.

மூன்றாவது, உடன் நிற்றல். தனியிருக்கைக்குத் தள்ளப்பட்டவனோடு நின்று பாடம் கேட்பதற்குப் பெரும்புலமை வேண்டா.

நான்காவது, பிரித்தறிதல். 2023 அக்டோபர் 7-ஆம் நாள் தாக்குதலுக்கும் அதைத் தொடர்ந்த காஸாப் போருக்கும் பின்னர், இதன் தேவை பெரிதும் மிகுந்தது. இஸ்ரேல் அரசின் செயலைக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. பாலஸ்தீன மக்களின் துயருக்கு இரங்குவதும் ஆகாது. ஆனால் அடுத்த இருக்கையில் அமர்ந்துள்ள மாணவன் யூதன் என்பதற்காகவே, ஓர் அரசின் செயலுக்கு அவனைப் பொறுப்பாக்கினால், கழக மன்றத்தில் நுழைய அவனிடம் மட்டும் வாக்குமூலம் கேட்டால், அது யூத வெறுப்பே. யூத மாணவனைக் காப்பதாகச் சொல்லி முஸ்லிம் மாணவனை இழிவு செய்தாலும் அது அதே நோயே. ஒருவனுக்கு நீதி கேட்பவன் மற்றவனுக்கு அதை மறுக்கலாகாது.

ஆசிரியப் பெருமக்கள் இதில் கருத வேண்டுவது ஒன்றுண்டு. 1933-இல் நூல்களை எரித்த மாணவர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் வெறுக்கக் கற்றனர் என்று கொள்ள இயலாது. வீட்டுப் பேச்சிலும், ஆலயப் பிரசங்கத்திலும், பள்ளிப் பாடத்திலும் அவ்விதை முன்னரே விழுந்திருந்தது. ‘அந்த இனத்தாரே அப்படித்தான்’ என்று ஒரு சிறுவன் வகுப்பில் சொல்லும்போது, ‘எவர்? பெயர் என்ன? அவர் செய்தது என்ன?’ என்று கேட்டு நிறுத்துவது நம் தொழிலின் ஒரு கூறு. அக்கேள்விகளைப் பத்து வயதில் கற்றவன், பல்கலைக் கழகத்தில் தானே அவற்றைக் கேட்பான்.